செயல்முறைகளுக்கு இடையேயான குழாயில் இடையகமற்ற வெளியீட்டைச் சோதித்தல்

இடையகமற்ற குழாய்த் தொடர்பு என்பது, ஒரு நிரல் எழுதும் செய்தி அந்த நிரலுக்குள் தேங்கி நிற்காமல், எழுதப்பட்ட உடனேயே குழாய் வழியாக அடுத்த நிரலைச் சென்றடையும் ஏற்பாடு ஆகும். செயல்முறை என்பது இயங்கிக்கொண்டிருக்கும் நிரல். குழாய் என்பது ஒரு செயல்முறையின் வெளியீட்டை மற்றொன்றின் உள்ளீட்டோடு இணைக்க இயக்குதளம் தரும் வசதி. இடையகம் என்பது தரவைத் தற்காலிகமாகச் சேர்த்து வைக்கும் நினைவகப் பகுதி.

இடையகம் இருப்பதாலோ இல்லாததாலோ வெளியீட்டின் உள்ளடக்கம் மாறுவதில்லை. அது வந்துசேரும் நேரம்தான் மாறுகிறது. இதனால், வெளியீடு சரியாக இருக்கிறதா என்று மட்டும் ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கு சோதனைகள் இந்த வகைப் பிழையைக் கண்டுகொள்வதில்லை. எல்லாச் சோதனைகளும் வெற்றி என்று காட்டும். நிரல் உண்மையான பயன்பாட்டுக்குப் போனதும் செய்தி மணிக்கணக்கில் தாமதமாக வரும். அத்தாமதத்தை நம்பகமாகப் பிடிக்கும் சோதனையை எழுதுவது எப்படி என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பின்னணி

நிரல்களைத் தோட்டத்துத் தண்ணீர்க் குழாய்களைப் போல ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ள ஒரு வழி வேண்டும் என்று பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த டக்ளஸ் மெக்கில்ராய் 1964 அக்டோபரில் ஒரு குறிப்பு எழுதினார். 1973இல் கென் தாம்சன் யூனிக்ஸ் இயக்குதளத்தில் குழாயைச் செயல்படுத்தினார். ஒரு நிரலின் வெளியீட்டை அடுத்த நிரலுக்கு நேராகக் கொடுத்து, சிறு நிரல்களைக் கோத்துப் பெரிய வேலைகளை முடிக்கும் பழக்கம் அதன் பிறகு பரவியது.

குழாயில் எழுத ஒவ்வொரு முறையும் இயக்குதளத்தின் உட்கருவான கர்னலை அழைக்க வேண்டும். ஒவ்வொரு அழைப்புக்கும் சிறிது நேரச் செலவு உண்டு. ஆகவே, சி மொழியின் செந்தர உள்ளீட்டு வெளியீட்டு நூலகம் எழுத்துகளை முதலில் தன் இடையகத்தில் சேர்த்து, நிறைந்ததும் மொத்தமாகக் கர்னலிடம் கொடுக்கிறது. பைத்தான், பெர்ள் முதலிய மொழிகளும் இதே வழியைப் பின்பற்றுகின்றன. வேகத்துக்காகச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடே தாமதத்துக்கும் காரணமாகிறது.

மூன்று வகை இடையகம்

திருச்சிராப்பள்ளி சத்திரம் பேருந்து நிலையத்தில் நிற்கும் ஒரு ஷேர் ஆட்டோவை நினைத்துக்கொள்வோம். இருக்கைகள் நிறையும் வரை ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். இது முழு இடையகம். ஒரு குடும்பத்தார் முழுவதும் ஏறியவுடன் புறப்பட்டால் அது வரி இடையகம். ஒரே ஓர் ஆள் ஏறினாலும் உடனே புறப்பட்டால் அது இடையகமற்ற முறை. வண்டி நிறையாவிட்டாலும் "கிளம்பு" என்று சொல்லி அனுப்பிவிடுவதற்கு ஒப்பானது, இடையகத்தைக் காலிசெய்யும் கட்டளை.

இந்த ஒப்புமையில் சாலைதான் குழாய். முதலில் ஏறிய பயணி உறையூருக்குத் தாமதமாக வந்தால் சாலையைக் குறைசொல்ல முடியாது. வண்டி நிலையத்தைவிட்டே புறப்படவில்லை. அதுபோல, குழாயில் தாமதம் என்று நாம் கருதுவது பெரும்பாலும் எழுதும் நிரலின் உள்ளேயே நிகழ்கிறது.

சி நூலகத்தின் வழக்கம் பின்வருமாறு:

- செந்தர வெளியீடு முனையத்தோடு, அதாவது திரையோடு, இணைந்திருந்தால் வரி இடையகம்.
- அது குழாயோடோ கோப்போடோ இணைந்திருந்தால் முழு இடையகம்.
- பிழைச் செய்திகளுக்கான செந்தரப் பிழை வெளியீடு முழு இடையகமாக வைக்கப்படுவதில்லை.

ஒரே நிரல் திரையில் ஒரு விதமாகவும் குழாயில் வேறு விதமாகவும் நடந்துகொள்வதற்குக் காரணம் இதுவே. எழுதியவர் முனையத்தில் ஓட்டிப் பார்க்கும்போது ஒவ்வொரு வரியும் உடனுக்குடன் வரும். அதையே குழாயில் இணைத்தால் ஒன்றும் வராது. பிழைச் செய்தி முன்னதாகவும், அதற்கு முன்பே எழுதப்பட்ட சாதாரண வரிகள் பின்னதாகவும் பதிவுக் கோப்பில் இடம்மாறித் தெரிவதும் இதன் இன்னொரு அடையாளம்.

கர்னலுக்குள் குழாய்க்கென்று தனி இடம் இருப்பதையும் இங்கே பிரித்தறிய வேண்டும். லினக்ஸில் அதன் இயல்பான கொள்ளளவு 65,536 பைட்டு. அது தரவை நிறையும் வரை பிடித்துவைப்பதில்லை. ஒரு பைட்டு வந்தாலும் படிப்பவருக்கு உடனே கிடைக்கும். எனவே "இடையகமற்ற குழாய்" என்று சொல்லும்போது கர்னலின் இடம் இல்லாமல் போவதில்லை. நிரலின் பக்கத்து இடையகம் தேங்காமல் இருப்பதையே அத்தொடர் குறிக்கிறது.

எடுத்துக்காட்டு: உறையூரில் ஒரு நீர்மட்ட அளவி

பேட்டைவாய்த்தலையில் காவிரியிலிருந்து பிரியும் உய்யக்கொண்டான் வாய்க்கால் திருச்சிராப்பள்ளி நகருக்குள் ஓடுகிறது. உறையூர் மாணவர் ஒருவர் அவ்வாய்க்காலின் நீர்மட்டத்தைக் கவனிக்கச் சி மொழியில் இரண்டு சிறு நிரல்கள் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். முதல் நிரல் "அளவி". அது உணரியிலிருந்து வரும் எண்ணை உள்ளீடாகப் பெற்று, நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும். இரண்டாவது "எச்சரிப்பான்". அது குழாய் வழியாக அந்த வரிகளைப் படித்து, மட்டம் எல்லையைத் தாண்டினால் குறுஞ்செய்தி அனுப்பும். அளவி எழுதும் ஒரு வரி இப்படி இருக்கும்:

உறையூர் 1.42

யூனிகோடு யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியெண்ணும் 3 பைட்டு எடுக்கும். "உறையூர்" என்ற சொல்லில் உ, ற, ஐகாரக் குறி, ய, ஊகாரக் குறி, ர, புள்ளி என 7 குறியெண்கள் உள்ளன. ஆக 21 பைட்டு. இடைவெளி 1, எண்ணும் தசமப் புள்ளியும் 4, வரிமுடிவுக் குறி 1. மொத்தம் ஒரு வரிக்கு 27 பைட்டு.

லினக்ஸின் குனூ சி நூலகம் குழாய்க்கு 4,096 பைட்டு அளவுள்ள இடையகத்தை வைக்கிறது. 151 வரிகள் சேர்ந்தாலும் 4,077 பைட்டுதான் ஆகும். 152ஆவது வரி எழுதப்படும்போதுதான் இடையகம் நிறைந்து, முதல் தொகுதி குழாய்க்குள் இறங்கும். நிமிடத்துக்கு ஒரு வரி என்றால், முதல் வரி எச்சரிப்பானைச் சென்றடைய இரண்டரை மணி நேரத்துக்கும் மேலாகும்.

நீர்மட்டம் விரைவாக மாறக்கூடியது. 2018 ஆகஸ்ட் 22 அன்று முக்கொம்பு மேலணையின் கொள்ளிடப் பகுதியில் 9 மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைத் திருச்சி மக்கள் அறிவர். அப்படிப்பட்ட ஆற்றங்கரையில் வைக்கப்படும் எச்சரிக்கை நிரல் இரண்டரை மணி நேரம் பழைய செய்தியைச் சொன்னால், அது சரியான எண்ணைச் சொல்வதால் பயனில்லை.

வழக்கமான சோதனைகள் ஏன் தவறவிடுகின்றன

முதல் வகை, முடிவை ஒப்பிடும் சோதனை. சோதனை நிரல் அளவியை இயக்கி, பத்து எண்களைக் கொடுத்து, அது முடியும்வரை காத்திருந்து, மொத்த வெளியீட்டையும் எதிர்பார்த்த வரிகளோடு ஒப்பிடுகிறது. ஆனால் நிரல் இயல்பாக முடியும்போது நூலகம் இடையகத்தில் எஞ்சியதையெல்லாம் தானே வெளியேற்றிவிடும். அதனால் இச்சோதனை எப்போதும் வெற்றி பெறும். உண்மையான அளவியோ முடிவதே இல்லை. அது இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும்.

இரண்டாவது வகை, தூங்கி எழுந்து பார்க்கும் சோதனை. ஓர் எண்ணைக் கொடுத்துவிட்டு, ஒரு நொடி காத்திருந்து, வரி வந்திருக்கிறதா என்று பார்ப்பது. இது பிழையைப் பிடிக்கும். ஆனால் கணினி வேலைப்பளுவில் இருக்கும்போது சரியான நிரலையும் தவறு என்று சொல்லும். காத்திருப்பை ஐந்து நொடியாக உயர்த்தினால், ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் அந்த ஐந்து நொடி வீணாகும். இப்படிச் சில நாள் வெற்றியும் சில நாள் தோல்வியும் காட்டும் சோதனையை, நாளடைவில் யாரும் மதிப்பதில்லை.

மூன்றாவது வகை, போலி முனையத்தில் ஓட்டும் சோதனை. உரையாடும் நிரல்களைத் தானாக இயக்க, டான் லிப்ஸ் 1990இல் எக்ஸ்பெக்ட் என்ற கருவியை உருவாக்கினார். அதன் வழிவந்தது பைத்தானின் பிஎக்ஸ்பெக்ட். இவை நிரலுக்கு முன்னால் ஒரு போலி முனையத்தை வைக்கின்றன. நிரல் தன்னை ஒரு மனிதர் பார்ப்பதாக எண்ணி வரி இடையகத்துக்கு மாறிக்கொள்கிறது. கடவுச்சொல் கேட்கும் நிரல்களைச் சோதிக்க இது சிறந்த வழி. ஆனால் குழாயில் நிகழும் தாமதத்தைச் சோதிக்க இதைப் பயன்படுத்தினால், தேடும் பிழையையே மறைத்துவிடுகிறோம். குழாயில் ஓடப்போகும் நிரலைக் குழாயில் வைத்துத்தான் சோதிக்க வேண்டும்.

முறைவைப்புச் சோதனை

வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவது உண்டு. முதல் வயல்காரர் பாய்ச்சி முடித்தால்தான் அடுத்த வயலுக்கு மடை திறக்கும். அதே ஒழுங்கைச் சோதனையிலும் வைக்கலாம். நேரத்தை அளப்பதற்குப் பதிலாக வரிசையைச் சோதிப்பதே இதன் கருத்து: முதல் எண்ணுக்கான பதில் வரி கைக்கு வரும்வரை இரண்டாவது எண்ணைக் கொடுக்கக் கூடாது.

சோதனை நிரலைத் தாய்ச் செயல்முறை என்றும், அது இயக்கும் அளவியைச் சேய்ச் செயல்முறை என்றும் கொண்டால், படிகள் இவை:

1. தாய், அளவியின் உள்ளீட்டுக்கு ஒரு குழாயும் வெளியீட்டுக்கு ஒரு குழாயும் அமைத்து அதை இயக்குகிறது.
2. தாய் 1.42 என்ற எண்ணை ஒரு வரியாக எழுதித் தன் இடையகத்தைக் காலிசெய்கிறது. உள்ளீட்டுக் குழாயை மூடுவதில்லை.
3. தாய் அளவியின் வெளியீட்டிலிருந்து ஒரு முழு வரி வரும்வரை காத்திருக்கிறது. இதற்குப் பத்து நொடி கெடு.
4. கெடுவுக்குள் "உறையூர் 1.42" வந்தால் அடுத்த படி. வராவிட்டால் சோதனை தோல்வி. அளவியை நிறுத்தி, அதுவரை வந்த பைட்டுகளைத் தோல்விச் செய்தியில் காட்ட வேண்டும்.
5. தாய் 1.43 என்ற எண்ணைக் கொடுத்து, மூன்றாம் நான்காம் படிகளை மீண்டும் செய்கிறது.
6. தாய் உள்ளீட்டுக் குழாயை மூடுகிறது. அளவி இயல்பாக முடிய வேண்டும். வெளியீட்டில் வேறு எதுவும் மிஞ்சியிருக்கக் கூடாது.

அளவி தன் வரியை உடனே வெளியேற்றினால் இச்சோதனை மில்லி நொடிகளில் முடிந்துவிடும். வரியை இடையகத்தில் வைத்துக்கொண்டால் அளவி அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்கும். தாய் முதல் வரிக்காகக் காத்திருக்கும். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்கும் இந்த முட்டுக்கட்டை, கெடு முடிந்ததும் தோல்வியாகப் பதிவாகும்.

இங்கே கெடு, தோல்வியைக் கண்டறிய மட்டுமே செலவாகிறது. வெற்றியின்போது பத்து நொடியும் காத்திருப்பதில்லை. எனவே கெடுவைத் தாராளமாக வைக்கலாம். கணினி மெதுவாக இருந்தாலும் சோதனை பொய்யாகத் தோற்பது மிக அரிது. தூங்கி எழுந்து பார்க்கும் சோதனைக்கும் இதற்கும் உள்ள முதன்மையான வேறுபாடு இது.

இரண்டாவது எண்ணையும் கொடுத்துப் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. சில நிரல்கள் தொடக்கத்தில் மட்டும் ஒருமுறை இடையகத்தைக் காலிசெய்து, பிறகு மறந்துவிடுகின்றன. முதல் வரி வந்தது என்பதால் இரண்டாவதும் வரும் என்று சொல்ல முடியாது.

சோதனை நிரலின் சொந்தத் தவறுகள்

சோதனை தோற்றால் எப்போதும் சேயின் மீதே பழி போடக் கூடாது. தாயின் பக்கத்திலும் இடையகங்கள் உண்டு.

எழுதும் பக்கம்: தாய் எண்ணை எழுதிவிட்டுத் தன் இடையகத்தைக் காலிசெய்ய மறந்தால், சேய்க்கு எண்ணே போய்ச்சேராது. குற்றமற்ற அளவி தோற்றதாகத் தெரியும்.

படிக்கும் பக்கம்: "100 பைட்டு படி" என்று இடையகமுள்ள கோப்பிடம் கேட்டால், அது 100 பைட்டு சேரும்வரையோ குழாய் மூடும்வரையோ திரும்பாது. வந்திருப்பது 27 பைட்டு மட்டுமே என்றால் காத்திருந்துகொண்டே இருக்கும். கர்னலிடம் நேராகக் கேட்டால், அப்போது இருக்கும் 27 பைட்டைக் கொடுத்துவிடும். ஆகவே, தாய் கர்னலிடமிருந்து நேராகப் பைட்டுகளைப் பெற்று, வரிமுடிவுக் குறி வரும்வரை தானே சேர்த்துக்கொள்வது பாதுகாப்பானது.

கெடு வைக்கும் பக்கம்: குழாயில் தரவு இருக்கிறதா என்று கர்னலிடம் விசாரிக்கும் வசதி யூனிக்ஸ் வகை இயக்குதளங்களில் உண்டு. அதையும் இடையகமுள்ள கோப்பையும் கலந்தால் சிக்கல் வரும். இரண்டு வரிகள் ஒன்றாக வந்து, கோப்பு இரண்டையும் தன் இடையகத்துக்குள் இழுத்துக்கொண்டு ஒன்றை மட்டும் கொடுத்தால், குழாய் காலியாகிவிட்டது என்றே கர்னல் பதில் சொல்லும். இரண்டாவது வரி தாயின் சட்டைப்பையிலேயே இருக்க, தாய் அதைத் தெருவில் தேடிக்கொண்டிருக்கும். விண்டோஸில் இந்த விசாரிக்கும் வசதியைப் பைத்தான் குழாய்களுக்குப் பயன்படுத்த முடியாது. அங்கே ஒரு தனி இழை குழாயைப் படித்து ஒரு வரிசையில் போட, முதன்மை இழை கெடுவோடு அந்த வரிசையிலிருந்து எடுப்பது வழக்கம்.

பிழை வெளியீடு: சேயின் பிழை வெளியீட்டையும் ஒரு குழாயில் இணைத்துவிட்டு, அதைப் படிக்காமல் விட்டால், 65,536 பைட்டு நிறைந்ததும் சேய் அங்கேயே நின்றுவிடும். இடையகப் பிழை போலவே தோன்றும் இது, வேறு பிழை. இரண்டு வெளியீடுகளையும் சேர்த்தே படிக்க வேண்டும். அல்லது பிழை வெளியீட்டை ஒரு கோப்புக்குத் திருப்பிவிட வேண்டும்.

குழாயின் முடிவு: குழாயில் எழுதும் முனையை வைத்திருக்கும் அனைவரும் அதை மூடினால்தான், படிப்பவருக்கு முடிவு தெரியும். தாயே அம்முனையின் ஒரு நகலைத் திறந்து வைத்திருந்தால், ஆறாம் படி ஒருபோதும் நிறைவேறாது.

சூழல் மாறி: பைத்தானில் எழுதிய நிரல்களுக்கு, இடையகம் வேண்டாம் என்று சூழல் மாறி மூலம் சொல்லலாம். கொள்கலன்களிலும் தானியங்கு சோதனைச் சேவையகங்களிலும் அதை முன்கூட்டியே அமைத்து வைப்பது பலரின் வழக்கம். அங்கே சோதனை வெற்றி பெறும். அந்த மாறி இல்லாத உறையூர்க் கணினியில் நிரல் தேங்கும். சேயை இயக்கும் முன் அந்த மாறியைச் சோதனை நீக்கிவிட வேண்டும்.

தமிழ் எழுத்து நடுவே முறியும்போது

குழாய் பைட்டுகளை மட்டுமே அறியும். வரியையோ எழுத்தையோ அறியாது. மேலே கண்ட கணக்கைத் தொடர்ந்தால் இது விளங்கும். 4,096 பைட்டு கொண்ட முதல் தொகுதியில் 151 முழு வரிகள் 4,077 பைட்டை எடுத்துக்கொண்டன. மீதி 19 பைட்டு. அதில் 152ஆவது வரியின் முதல் ஆறு குறியெண்கள் 18 பைட்டை நிரப்பும். எஞ்சிய ஒரே பைட்டில், "ர்" என்பதன் புள்ளிக்குரிய மூன்று பைட்டுகளில் முதலாவது மட்டும் இடம்பெறும். தசம எண்ணில் சொன்னால் புள்ளி என்பது 224, 175, 141 என்ற மூன்று பைட்டுகள். 224 இந்தத் தொகுதியோடு போய்விடும். 175உம் 141உம் அடுத்த தொகுதிக்காக நிற்கும்.

படிக்கும் நிரல் வந்த தொகுதியை அப்படியே எழுத்துகளாக்க முயன்றால், பிழையோடு நின்றுவிடும். அல்லது புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் கேள்விக்குறி போட்ட கட்டம் தோன்றும். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட்டு மட்டுமே என்பதால், ஆங்கில எடுத்துக்காட்டுகளால் மட்டும் சோதித்த நிரல்களில் இந்தப் பிழை வெளிப்படாது. தமிழ்த் தரவைக் கையாளும் நிரலைத் தமிழ்த் தரவாலேயே சோதிக்க வேண்டும் என்பதற்கு இது தக்க சான்று.

இதைச் சோதிக்கக் குழாய் தேவையில்லை என்பது நல்ல செய்தி. குழாய் வழியாக இரண்டு துண்டுகளை அனுப்பினால், அவை நடுவில் ஒன்றாகச் சேர்ந்தும் படிக்கப்படலாம். சோதனை உறுதியாக இராது. மாறாக, பைட்டுகளை எழுத்தாக்கும் பகுதியைத் தனியே எடுத்து, 27 பைட்டுள்ள வரியை ஒவ்வோர் இடத்திலும் இரண்டாக வெட்டிக் கொடுத்துப் பார்க்கலாம். வெட்டக்கூடிய இடங்கள் 26. அவற்றில் 14 ஏதேனும் ஒரு குறியெண்ணின் நடுவே விழும். எந்த இடத்தில் வெட்டினாலும் கிடைக்கும் வரி ஒன்றாகவே இருக்க வேண்டும்.

பைட்டு முழுமையாக வந்த பிறகும் ஒரு படி உண்டு. "உறையூர்" 21 பைட்டு, 7 குறியெண். ஆனால் தமிழ் படிப்பவருக்கு அது உ, றை, யூ, ர் என 4 எழுத்து. எழுத்துகளை எண்ணவோ பிரிக்கவோ வேண்டிய நிரல்களுக்கு, ஓப்பன்-தமிழ் என்ற கட்டற்ற பைத்தான் நூலகம் இந்தப் பிரிப்பைச் செய்து தருகிறது. முழு வரி சேர்ந்த பின்னரே அதனிடம் கொடுக்க வேண்டும்.

நிரல் திடீரென நின்றால்

இடையகத்தில் உள்ள தரவு நிரலின் நினைவகத்தில் இருப்பது. நிரல் வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டால் அதுவும் அழியும். குழாய்க்குள் ஏற்கனவே இறங்கிவிட்ட தரவு கர்னலிடம் இருப்பதால், எழுதியவர் இல்லாமல் போன பிறகும் படிக்கக் கிடைக்கும். இந்த வேறுபாட்டையும் சோதிக்கலாம்: அளவிக்கு மூன்று எண்களை முறைவைத்துக் கொடுத்து, மூன்று வரிகளையும் பெற்றபின் அதை வலுக்கட்டாயமாக நிறுத்தினால், கையில் மூன்று வரிகளும் இருக்க வேண்டும். மின்சாரம் நின்ற கணினியிலோ, நினைவகம் போதாமல் இயக்குதளமே நிறுத்திய நிரலிலோ, கடைசி நிமிடங்களின் பதிவுதான் பிழையின் காரணத்தைச் சொல்லும். இடையகம் விழுங்குவது பெரும்பாலும் அந்தக் கடைசி நிமிடங்களையே.

இன்னொரு விந்தையும் உண்டு. காலிசெய்யப்படாத இடையகத்தோடு ஒரு செயல்முறை தன்னை இரண்டாகப் பிரித்துக்கொண்டால், இடையகமும் நகலாகும். இருவரும் முடியும்போது ஒரே வரி இருமுறை வெளிவரும். ஒருமுறை எழுதியது ஏன் இருமுறை வந்தது என்று மாணவர்கள் திகைப்பது இதனால்தான். பிரிவதற்கு முன் காலிசெய்வது இதற்குத் தீர்வு.

தீர்வுகள்

- சி மொழியில் ஒவ்வொரு வரிக்குப் பின்னும் எஃப்-ஃபிளஷ் செயற்கூறை அழைக்கலாம். அல்லது நிரலின் தொடக்கத்தில் செட்-வி-பஃப் மூலம் வரி இடையகத்தைத் தேர்ந்தெடுக்கலாம்.
- பைத்தானில் அச்சிடும் கட்டளையிலேயே உடனே காலிசெய் என்று கூறும் வசதி 3.3 பதிப்பு முதல் உண்டு. மொழிபெயர்ப்பியை யு என்ற விருப்பத்தோடு இயக்கினாலும் இடையகம் நீங்கும்.
- பெர்ளில் டாலர் குறியும் செங்குத்துக் கோடும் சேர்ந்த சிறப்பு மாறிக்கு 1 என்று மதிப்பளித்தால் போதும்.
- மூலநிரலைத் தொட முடியாத இடத்தில், குனூ கருவிகளில் உள்ள ஸ்டட்-பஃப் உதவும். ஆனால் சி நூலகத்தின் வழக்கமான வெளியீட்டைப் பயன்படுத்தி, அந்நூலகத்தோடு இயங்குநேரத்தில் இணையும் நிரல்களுக்கு மட்டுமே அது வேலை செய்யும்.

அளவிக்கும் எச்சரிப்பானுக்கும் நடுவே கிரெப் போன்ற வடிகட்டும் நிரல் ஒன்று இருந்தால், அதுவும் தன் பங்குக்குத் தேக்கும். குனூ கிரெப்பில் வரிக்கு வரி வெளியேற்றும்படி சொல்லும் விருப்பம் உண்டு. ஒவ்வொரு நிரலையும் தனியே சோதித்த பிறகு, முழுச் சங்கிலியையும் ஒருமுறை முறைவைப்புச் சோதனைக்கு உட்படுத்த வேண்டும்.

இடையகத்தை அடியோடு நீக்குவது எப்போதும் நல்லதன்று. முற்றிலும் இடையகமற்ற முறையில் ஒரே வரி பல துண்டுகளாகக் கர்னலுக்குப் போகலாம். இரண்டு அளவிகள் ஒரே குழாயில் எழுதினால் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று புகுந்துவிடும். லினக்ஸில் 4,096 பைட்டுக்கு மிகாத ஓர் எழுதல், வேறொன்றோடு கலக்காமல் முழுமையாகக் குழாய்க்குள் போகும் என்பது உறுதி. எனவே முழு வரியைச் சேர்த்து, ஒரே எழுதலில் வெளியேற்றுவதே செய்தி அனுப்பும் நிரல்களுக்குப் பொருத்தமானது. நொடிக்கு இலட்சக்கணக்கான வரிகளை எழுதும் நிரலுக்கு முழு இடையகமே சரி. நிமிடத்துக்கு ஒரு வரி எழுதும் அளவிக்கு உடனடி வெளியேற்றத்தின் செலவு பொருட்டே அன்று.

சோதனையைச் சோதித்தல்

இடையகச் சோதனை எழுதி முடித்ததும் ஒரு வேலை மீதமிருக்கிறது. அளவியில் உள்ள காலிசெய்யும் கட்டளையை வேண்டுமென்றே நீக்கிவிட்டுச் சோதனையை ஓட்டிப் பார்க்க வேண்டும். சோதனை இப்போது தோற்க வேண்டும். தோற்கவில்லை என்றால், அது போலி முனையத்தில் ஓடுகிறது, அல்லது சூழல் மாறி உதவுகிறது, அல்லது நிரல் முடிந்த பிறகே வெளியீட்டைப் பார்க்கிறது. தோற்பதைக் கண்ட பின், கட்டளையைத் திரும்பச் சேர்த்து வெற்றியையும் காண வேண்டும். இரண்டையும் பார்த்த பிறகே அச்சோதனையை நம்பலாம்.

இது வெறும் சடங்கு அன்று. காலிசெய்யும் கட்டளை, நிரலைச் சீர்செய்ய வருபவரின் கண்ணுக்குத் தேவையற்றதாகத் தெரியும். அதை நீக்கினாலும் வெளியீடு மாறாது, திரையில் எல்லாம் சரியாகவே வரும். அந்தக் கட்டளை ஏன் அங்கே இருக்கிறது என்பதைப் பிற்காலத்தில் எடுத்துச் சொல்ல, அதை நீக்கிய அன்றே தோற்கும் ஒரு சோதனை இருக்க வேண்டும். உறையூர் அளவியைப் பொறுத்தவரை, அந்த ஒரு கட்டளைதான் ஒரு நிமிடத்துக்கும் இரண்டரை மணி நேரத்துக்கும் இடையே நிற்கிறது.